வாசல் வரைக்கும் மூச்சு

எங்கள் நர்ஸிங் ஹோமில் பெர்னதெத் அக்காவுக்கு ‘பி.ஏ. சிஸ்டர்’ என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை. சைக்காலஜி, சோஷியாலஜி, ஆப்ஷனல் இங்கிலீஷ் என்று மூன்று வருஷம் படித்து முடித்து, அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஏ.என்.எம். நர்ஸிங் படித்துவிட்டு வந்தவர் அங்கே அவர் ஒருத்தர்தான்.

“இங்கிலீஷ் பொயட்ரி எல்லாம் படிச்சிட்டு இங்க வந்து பெட்பேன் கழுவுறியேக்கா” என்பான் ஆம்புலன்ஸ் ஓட்டும் ரகு.

“பொயட்ரிக்கு எவனும் சம்பளம் தரலடா. பெட்பேனுக்குத் தர்றான்.”

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் அவரும், நாங்கள் பெட்டி ஆன்ட்டி என்று கூப்பிடும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். பி.ஏ. முடித்ததும் ஒரு சின்ன கான்வென்டில் டீச்சர் வேலை கிடைத்தது. பி.எட். இல்லை என்று ஒரு ஜூன் மாதம் அனுப்பிவிட்டார்கள். “ஊசி போடவாவது கத்துக்கோ” என்று பெட்டி ஆன்ட்டிதான் நர்ஸிங்கில் சேர்த்துவிட்டிருக்கிறார். அதன்பிறகு போன ஆஸ்பத்திரிகளில் எல்லாம் பி.ஏ.வை மறைக்க வேண்டியிருந்தது. டிகிரி முடித்தவள் நிலைத்து வேலை செய்யமாட்டாள், எதிர்த்துப் பேசுவாள் என்று பயம். எங்கள் இடத்தில் மட்டும் அக்கா இரண்டையும் காட்டினார். ஏன் என்று தெரியாது. மறைத்து மறைத்து அலுத்துப் போயிருக்கலாம்.

நான் கீழே மருந்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன். அங்கிருந்து பார்த்தால் ஐ.சி.யூ.வுக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலி வரிசை தெரியும். அங்கே யாராவது வாய்விட்டு அழ ஆரம்பித்தால், “பி.ஏ. சிஸ்டரைக் கூப்பிடு” என்று சத்தம் வரும். அக்கா வருவார். மற்றவர்கள் நின்றுகொண்டு பேசுவார்கள், இவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். தமிழோ கன்னடமோ தக்னி உருதுவோ, எதிரில் இருப்பவர் அழுகிற பாஷையில் பேசுவார். கொஞ்ச நேரத்தில் அழுகை பேச்சாக இறங்கிவிடும்.

போன வருஷம் நிர்வாகி தியோடர் சார் ஒரு புது வேலை கொண்டுவந்தார். ஃபேமிலி கவுன்சிலர். தனி அறை, பகல் வேலை, யூனிஃபார்ம் கிடையாது. அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: “சைக்காலஜியும் நர்ஸிங்கும் ரெண்டும் உள்ளவ இங்க நீ மட்டும்தான்மா. இன்டர்வியூ சும்மா பேருக்கு. அதுவரைக்கும் உன் மேல ஒரு கம்ப்ளைன்ட் வரக்கூடாது, அவ்வளவுதான்.”

அன்றைக்கு மருந்து ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அக்கா சொன்னார்: “அஞ்சு வருஷப் படிப்பும் ஒரே நாற்காலியில உக்காரப் போகுதுப்பா. இது போச்சுன்னா எனக்கு வேற நாற்காலி இந்த ஊர்ல கிடையாது.”

இன்டர்வியூவுக்கு முந்தின வாரம்தான் சந்திரன் விஷயம் நடந்தது.

சந்திரன் ஸ்ரீராம்புரத்துக்காரர். மாநகராட்சி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூளையில் ரத்தம் கசிந்து, தொண்டையில் குழாயோடு மிஷின் மூச்சில் கிடந்தார். இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி மரகதம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உயிர் வீட்டில் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். மிஷினைக் கழற்றிவிட்டு, குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, நர்ஸ் ஒருத்தர் அதைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸில் போவார். வீட்டில் படுக்கவைத்து, சொந்தக்காரர்கள் வாயில் பால் தொட்டு வைத்ததும் பையை எடுத்துவிடுவார். வெளியே செத்தவரை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். வாசலிலேயே கிடத்தி, வாசலிலேயே தூக்கிவிடுவார்கள். மரகதத்தின் வீட்டு ஓனர் கோவிந்தப்பா இதில் கறார். பொணமாக வந்தால் கேட்டைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்.

எங்கள் நர்ஸிங் ஹோமுக்கும் ஒரு விதி இருந்தது. வழியில் நாடி நின்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு டாக்டரிடம் வர வேண்டும்.

வண்டியில் என்ன நடந்தது என்பதை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கன்டோன்மென்ட் தாண்டும்வரை சரியாகத்தான் இருந்தது. ஓகலிபுரம் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டன. ரகு சைரனைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். முன்னால் நின்ற பஸ் நகர இடமே இல்லை. அக்கா ஒரு கையால் பையை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையின் விரல்களைச் சந்திரனின் கழுத்தில் வைத்திருந்தார். விரலடியில் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று. இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி அப்படியே விரிந்து கிடந்தது.

ரகு கண்ணாடியில் பார்த்தான். “இன்னாக்கா?”

எதிர் சீட்டில் மரகதம் கணவரின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்க்கவில்லை. பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணுமில்லடா. நேரா போ.”

“அக்கா, நின்னுடுச்சின்னா திரும்பணும். தியோடர் சாருக்குத் தெரிஞ்சா உன் சீட்டு...”

“பேசாம சும்னே ஓட்டுடா.”

பிறகு ஸ்ரீராம்புரம் சந்துவரை அக்காவின் கை நிற்கவில்லை. பை அமுங்க அமுங்க அந்த நெஞ்சு ஏறி இறங்கியதாம். “என் மூச்சுதான் அதுன்னு அந்த நெஞ்சுக்குத் தெரியல. உசிரோட இருக்கிற மாதிரியே ஏறி எறங்குது. அதைப் பாக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு” என்றார்.

சந்துக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைவதே பெரிய பாடு. கேட்டில் கோவிந்தப்பா நின்றிருந்தார். “ஜீவ இதியா?” என்று கன்னடத்தில் கேட்டார். உயிர் இருக்கிறதா என்று. அக்கா நடந்தபடியே பையை அமுக்கினார். நெஞ்சு உயர்ந்தது. கோவிந்தப்பா அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

உள்ளே பாயில் கிடத்தினார்கள். பால் தொட்டு வைத்தார்கள், உதட்டோரமாக வழிந்துவிட்டது. அக்கா பையைக் கழற்றினார். ஜன்னல் கம்பி ஓரம் அக்கம்பக்கத்து முகங்கள், அவற்றுக்குப் பின்னால் கோவிந்தப்பா. மரகதம் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“சிஸ்டரம்மா, எம்புருஷன் உசிரு இந்த வூட்லதானே போச்சு? எல்லாருக்கும் சொல்லு கண்ணு.”

அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்ததாம். பாதம் எப்போது சில்லிட்டது என்று அதை மடியில் வைத்திருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? பாலத்தருகிலேயே தெரிந்துதான் வாயைத் திறக்காமல் வந்திருக்கிறார்.

“ஆமாம்மா. இந்த வீட்லதான்” என்றார் அக்கா.

மரகதம் அதற்குப் பிறகுதான் அழுதார்.

ரகுவுக்கு வாய் நிற்காது. இரண்டு நாளில் கேன்டீன்வரை பரவிவிட்டது. “பி.ஏ. சிஸ்டர் பொணத்துக்கே மூச்சு குடுத்து ஊர்வலம் கூட்டிட்டுப் போனாங்க” என்று சிரித்தார்கள். அக்கா சாப்பிட வருவதையே விட்டுவிட்டார். என் ஜன்னல் பக்கம் வந்தபோது, “போச்சுப்பா. நாற்காலி போச்சு” என்று மட்டும் சொன்னார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூவில் தியோடர் சார் சர்டிஃபிகேட்டுகளைத் திறக்கவே இல்லையாம். எடுத்ததும் கேட்டிருக்கிறார்: “ஓகலிபுரத்துல என்ன ஆச்சு?”

பஸ்ஸில் வரும்போதே அக்கா முடிவு பண்ணியிருந்தார். “அங்கயே நின்னுடுச்சு சார். தெரிஞ்சுதான் பம்ப் பண்ணேன். ரூல் எனக்குத் தெரியும்.”

“அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்புறமும் கம்ப்ளைன்ட் வரலையே.” தியோடர் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நர்ஸுங்களுக்கு எப்ப முடிஞ்சுதுன்னு தெரியும், சொல்லத் தெரியாது. படிச்ச புள்ளைங்க நல்லாப் பேசுவாங்க, எப்ப முடிஞ்சுதுன்னு தெரியாது. உனக்கு ரெண்டும் வருது. நான் தேடினது இதைத்தான்மா.”

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. தேங்க்யூ சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம்தான் தியோடர் சார் வேலையை விளக்கினார். ஐ.சி.யூ. படுக்கைகள் காலியாவதில்லை. குடும்பங்கள் முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டே போகிறார்கள். வெளியே கேஸ் காத்திருக்கிறது. முடிவெடுக்க அவர்களுக்கு உதவ வேண்டும். “மனசு நோகாம. ஆனா சீக்கிரம்.”

அப்படித்தான் அந்த நாற்காலி கிடைத்தது. பெட்டி ஆன்ட்டி கேக் கொடுத்தனுப்பினார். பிளம் கேக், டிசம்பர்கூட இல்லை. கேலி செய்தவர்களும் வாங்கித் தின்றார்கள்.

அக்கா இப்போது காட்டன் புடவையில் வருகிறார். வாரத்தில் ஒரு நாளாவது வார்டு டியூட்டி கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். நர்ஸா கவுன்சிலரா என்று வருகிறவர்களுக்குக் குழப்பம் வரும் என்று தியோடர் சார் மறுத்துவிட்டார். அறைக்குள் போகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். யாரும் சத்தம் போடுவதில்லை. வந்தவர்கள் நேராக என் ஜன்னலுக்கு வருகிறார்கள், மீதி மருந்தைத் திருப்பிக் கொடுக்க. வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு மருந்து எதற்கு? அந்த அறை திறந்ததிலிருந்து என் பக்கம் திரும்பி வரும் மருந்து அதிகமாகிவிட்டது.

போன வாரம் ஹெப்பகோடியிலிருந்து வந்திருந்த ஒரு பையன் ஒரு கவர் நிறைய ஊசி மருந்து கொண்டுவந்து வைத்தான். அப்பாவுக்கு நுரையீரலில் கிருமி. ஃபேக்டரி அடையாள அட்டை இன்னும் அவன் கழுத்தில் இருந்தது. “அந்த மேடம் ரொம்ப நல்லாப் பேசினாங்க சார். மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு” என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸ் பக்கம் போனான்.

பாட்டில்களை நான் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா தண்ணீர் பிடிக்க வந்தார். ஒரு பாட்டிலை எடுத்துப் பெயரைப் படித்தார். மேஜைமேல் இருந்தவற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“இது ஏழு நாள் கோர்ஸ்ப்பா” என்றார். “ரெண்டு நாள்தான் போட்டிருக்காங்க.”

நான் வெளியே பார்த்தேன். அந்தப் பையனின் அப்பாவை ஏற்றிவிட்டு ரகு ஆம்புலன்ஸின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். ஓடிப்போய் நிறுத்தினால் நிறுத்திவிடலாம். அக்காவும் அங்கேதான் பார்த்தார். அதற்குள் அவருடைய அறை வாசலில் ஒரு வயதான அம்மாவும் இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். தியோடர் சாரே அழைத்துவந்திருந்தார்.

அக்கா பாட்டிலை மற்றவற்றோடு வைத்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “உள்ள வாங்கம்மா, உக்காருங்க” என்றபடி அவர்களிடம் போனார்.