ஐந்து பேருக்கு மூன்று

நனைந்த ஜாக்கெட்டுகளும் உரித்த "மண்டரீன்லி" என்கிற சின்ன ஆரஞ்சுப் பழத்தின் தோலும் சேர்ந்து கிளப்பிய மணம்தான் எனக்கு அமெரிக்க வரலாறு. பேர்ண் மாநிலத்தின் துன் நகரப் பள்ளியில் நான் எட்டாம் வகுப்புப் படித்த அந்தக் கார்த்திகை மாதம் முழுவதும் மழை விடவில்லை. நடைபாதைக் கொளுக்கிகளில் எங்கள் ஜாக்கெட்டுகள் சொட்டிக்கொண்டிருக்க, உள்ளே பாதி வகுப்பு பழம் உரித்துக்கொண்டிருக்க, எங்கள் வரலாற்று ஆசிரியர் ஏபி பதினெட்டாம் நூற்றாண்டின் பிலடெல்பியா நகரத்தை எங்கள் நடுவே கொண்டுவந்து இறக்கினார்.

வகுப்பின் ஒரு பாதி வட மாநிலங்கள், மறுபாதி தென் மாநிலங்கள். புதிதாகப் பிறக்கும் நாட்டின் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை மக்கள்தொகைதான் முடிவு செய்யும். தெற்கிலோ லட்சக்கணக்கில் அடிமைகள் இருக்கிறார்கள். அவர்களை எண்ணுவதா, விடுவதா? இதைப் பேசித் தீர்த்து, முடிவில் எல்லோரும் ஒரே தாளில் கையொப்பமிட வேண்டும். ஒப்பமிடாதவருக்குப் புள்ளி குறையும். சமரசம் இல்லாமல் நாடு இல்லை என்று சொல்லும்போது ஏபி ஆசிரியரின் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். மலையையும் மொழியையும் பங்குபோட்டுச் சண்டையில்லாமல் வாழப் பழகிய நாட்டுக்காரர் அல்லவா!

எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. "கிம்னாசியம்" என்கிற உயர்பள்ளிக்குப் போக வேண்டும் என்று நான் தவமிருந்தேன். அதற்கு ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். முந்தைய பெற்றோர் சந்திப்பில் அவர், பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் வாயே திறப்பதில்லை, இப்படியே போனால் பரிந்துரைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஜெர்மன் அவ்வளவாக வராது, மொழிபெயர்ப்பாளர் நான்தான். கெட்டிக்காரி என்பதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு மற்றதை விழுங்கிவிட்டேன். இருவரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். அடுத்த சந்திப்புக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

ஆகவே திங்கட்கிழமை வட மாநிலத்தவளாக எழுந்து நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக வகுப்பில் உரத்துப் பேசினேன். அடிமையும் முழு மனிதர்தான், ஒருவர் விடாமல் எண்ண வேண்டும் என்றேன். என் அணி கைதட்டியது. எதிரணித் தலைவனான ரேட்டோ, மலையடிவாரத்துப் பால்பண்ணைக்காரர் மகன், யோசிக்காமலே எழுந்து, "சம்மதம், தாளைக் கொண்டுவாருங்கள்" என்றான். தெற்கத்தியர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஏபி ஆசிரியரும் சிரித்துக்கொண்டே, தெற்கு கனவில் கேட்டதை நீ நனவில் கொடுத்துவிட்டாய், ஏன் என்று வியாழக்கிழமைக்குள் யோசித்து வா என்றார். காது இரண்டும் சுட்டது. நான் செய்த பிழை என்னவென்றே எனக்கு விளங்கவில்லை என்பதுதான் பெரிய அவமானம்.

அப்பா ஏரிக்கரை விடுதியொன்றில் சமையல்காரர். மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையே கிடைக்கும் "சிம்மர்ஸ்டுண்டே" ஓய்வில் வீட்டுக்கு வருவார். விடயத்தைச் சொன்னேன். "மனுசரை எண்ணுறதோ விடுறதோ எண்டு ஒரு கேள்வியோ? முழுசா எண்ணத்தான் வேணும். நீ சொன்னது சரி, பிள்ளை" என்று கொதித்தார். ஆக, பிழைவிட்டவர்கள் இருவரானோம்.

அம்மாவுக்கு அமெரிக்காவில் அக்கறை இருக்கவில்லை. முந்தின நாள் எங்கள் ஊர்க்காரர்களின் விழாக்குழுத் தெரிவு நடந்திருந்தது. ஞானம் அண்ணை என்பவர் தன் வீட்டில் வாடகைக்கு இருந்த ஆறு இளந்தாரிப் "பெடியள்" சார்பிலும் தானே வாக்குப் போட்டுத் தலைவராகியிருந்தார். அம்மாவுக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"ஒரு ஆள் ஏழு வாக்கு! பெடியள் வேலைக்குப் போயிட்டுதுகளாம். அதுகள் வந்திருந்தா இவருக்கோ போட்டிருக்கும்? வீட்டில எத்தினை பேரைக் கூட வைச்சிருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவரின்ரை கை நீளுது."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அடிமைகளுக்கு வாக்கில்லை. அவர்கள் எத்தனை பேராக எண்ணப்பட்டாலும், அந்த எண்ணிக்கையில் வரும் இடங்களில் போய் உட்காரப் போகிறவர்கள் அவர்களுடைய எசமானர்கள். அவர்களைக் கட்டிவைக்கும் சட்டத்துக்கு, அவர்களின் தலைகளை எண்ணியே பலம் சேர்க்கிறார்கள். முழுதாக எண்ணச் சொன்ன நான் எசமானர்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை எழுந்து நின்று, "பூச்சியம்" என்றேன். "ஒருவரையும் எண்ணக் கூடாது." என் அணியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. மனிதரைப் பூச்சியம் என்கிறாயா என்று ரேட்டோ பாய்ந்தான். "மனிதர்களை இல்லை, அவர்களைக் காட்டி நீளும் உன் கையை. அவர்கள் விடுதலையாகி வந்து இந்த மேசையில் இருக்கட்டும், தங்கள் வாக்கைத் தாங்களே போடட்டும், அன்றைக்கு ஒருவர் விடாமல் எண்ணுவேன். அதுவரை அவர்கள் பேரில் நீ வாக்குப் போட முடியாது." ரேட்டோ உட்கார்ந்துவிட்டான். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

அப்போது ஏபி ஆசிரியர், வரலாற்றில் நடந்த சமரசத்தைப் பலகையில் எழுதினார்: ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது. இல்லாவிட்டால் நாடே இல்லை என்றார். மதிய உணவு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வடக்கும் தெற்கும் பசியோடு வரிசையில் நின்று ஒப்பமிட்டன. தாள் என்னிடம் வந்தது. புள்ளி போகும், பரிந்துரை போகும் என்று தெரியும். அந்த ஐந்து பேரில் ஒருவரையாவது யாராவது கேட்டார்களா என்று ஆசிரியரைக் கேட்டேன். இல்லை என்றார். பேனையை மூடி வைத்தேன். அந்தச் சமரசம் சண்டையைத் தீர்க்கவில்லை, ஒப்பமிட்டவர்களின் பேரன்மார் காலத்தில் வடக்கும் தெற்கும் மோதிய போருக்குத் தள்ளித்தான் வைத்தது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

பெற்றோர் சந்திப்பில் ஏபி ஆசிரியர் நீண்ட நேரம் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்: "கிம்னாசியத்துக்குப் போகலாமாம்."

அம்மா விடவில்லை. "அந்த மனுசன் அஞ்சு நிமிசம் கதைச்சவர். நீ ரெண்டு சொல்லில முடிச்சுப்போட்டாய். மிச்சம் எங்கை?"

மிச்சத்தையும் சொன்னேன். பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறாராம், ஒப்பமிட மறுத்த முதல் ஆள் நானாம், அதற்கான புள்ளியைக் குறைத்தேவிட்டாராம். பிடிவாதக்காரியாம். ஆனால் பிழை என்று தெரிந்ததும் சொன்னதை மாற்றினேனாம், சரி என்று தெரிந்ததும் மாற்றவில்லையாம், அதனால் பரிந்துரைக்கிறாராம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிடிவாதம் தாய்ப் பக்கம் எண்டு சொல்லு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு என்னைவிட உயரமான பிள்ளை துன் நகரத்தில் இருக்கவில்லை.

அந்தப் பள்ளிக் கட்டடம் இப்போது இல்லை. ஞானம் அண்ணையின் வீட்டுப் "பெடியள்" எல்லோரும் குடும்பக்காரர்களாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அப்பா மட்டும் அதே ஏரிக்கரையில், வாக்கில்லாமலே வருடங்களைக் கடத்தினார். அவரை அடிமைகளோடு ஒப்பிட்டால் அவர்கள் பட்ட பாட்டைக் கேலி செய்வதாகும். ஆனாலும் இந்த நாட்டின் சபையில் பேர்ண் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கெடுக்கும்போதெல்லாம் அவரையும் ஒருவராக எண்ணினார்கள், அவரை ஒரு தடவையும் கேட்கவில்லை. போன வருடம் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. முதல் வாக்குச் சீட்டு தபாலில் வந்த அன்று, பழைய மொழிபெயர்ப்பாளர் என்ற உரிமையில் நான் இப்போது வசிக்கும் பாடனிலிருந்து ரயிலேறிப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று சீட்டில் கேட்டிருந்த ஒவ்வொரு கேள்வியையும் விளக்கி, "ரெண்டாவதுக்கு வேண்டாம் எண்டு 'நைன்' போடுங்கோ, அப்பா" என்றேன்.

அப்பா இடக்கையால் சீட்டை மறைத்துக்கொண்டார். "ஓம், விளங்குது. நீ கொஞ்சம் அங்கால போய் இரு, பிள்ளை."

போய் இருந்தேன். பேனை கீறும் சத்தமும் உறையை ஒட்டும் சத்தமும் கேட்டன. அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டுப் பார்த்தேன்; அவவுக்கும் காட்டவில்லையாம். அப்பா சட்டையை மாற்றி, தலை சீவி, உறையை நகரசபைப் பெட்டியில் தானே போட்டுவிட்டு வந்தார். எதற்கு என்ன போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.