செமோர் ஓடையில் மூழ்கி எழுந்த சனிக்கிழமை

எட்டு வருடம் கழித்து, போன மாதம் ஒரு சனிக்கிழமை ஈப்போவுக்குப் போனேன். செமோர் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்து ஆலயத்தில் மூன்று மணிக்கு எனக்கு ஞானஸ்நானம். அதற்கு முன் குனோங் ராபாட்டில் இருக்கும் அக்காவைப் பார்த்தாக வேண்டும்.

நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஷா ஆலாமில் லாரி ஓட்டுகிறேன். பதினைந்து வருடம் குடித்தவன். எட்டு வருடத்துக்கு முன் அக்கா கல்யாணத்தன்று போதையில் மாப்பிள்ளையை மேடையிலேயே அறைந்தேன். அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். போன வருடம் ஒரு காலை, கை நடுக்கத்தில் லாரிச் சாவியைக்கூடச் செருக முடியவில்லை. கூட வேலை செய்யும் தாஸ் அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். நான் சிரித்தேன். மறுநாள் நானே அவரைத் தேடிப் போய், "அண்ணே, நேத்து மாதிரி இன்னொரு தடவ" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் மூன்று மாதம் ஜெபத்தில் வார்த்தையே வராது. "ஆண்டவரே, இன்னிக்கு மட்டும்" என்பேன், அவ்வளவுதான். பதினோரு மாதமாக ஒரு சொட்டுத் தொடவில்லை.

கோலாலம்பூரில் எட்டு மணி ரயில். இரண்டரை மணி நேரம், டிக்கெட் 46 வெள்ளி, அதாவது ரிங்கிட். சுண்ணாம்புக் குன்றுகள் தெரிந்ததும் இருக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்!

ஈப்போ நிலையத்திலிருந்து குனோங் ராபாட் ஏழு கிலோமீட்டர். செயலியில் கார் பிடித்தேன், 11 வெள்ளி. அக்கா வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"வாய ஊது" என்றாள்.

கம்பிக்கு நடுவே ஊதினேன். காலையில் குடித்த கோப்பி வாடைதான் வந்திருக்கும்.

"ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்கா. நம்ம பழைய தோட்டத்து ஆலயத்துல, மூணு மணிக்கு."

"சாமிய மாத்திட்டா செஞ்சது மாறிடுமா?"

"மாறாதுக்கா. அதான் அங்க போறதுக்கு முன்னாடி இங்க வந்தேன். நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுக்கா."

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். மாமா, நான் அறைந்த அதே மாப்பிள்ளை, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவரும் உள்ளே போனார்.

அங்கிருந்து வேறு கார் பிடித்தேன். செமோர்ச் சாலையில் அதை ஓட்டிய தம்பி கேட்டார்: "அந்தத் தோட்டத்துல இப்ப யாருமே இல்லயேண்ணே? பால்மரத்த வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டுட்டாங்கலா!"

"ஆலயம் இருக்கு. எனக்கு இன்னிக்கு ஞானஸ்நானம்."

"அடடே! அப்ப லேட்டாகக் கூடாதுலா" என்று வேகத்தைக் கூட்டினார். 28 வெள்ளி. கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை.

தகரக் கூரை போட்ட ஆலயம். முப்பது பேர் இருப்பார்கள். பின்னால் இடுப்பளவு ஓடை. போதகர் என்னைத் தண்ணீருக்குள் சாய்த்தபோது காதில் எல்லாச் சத்தமும் நின்றது. எழுந்தபோது கைதட்டலும் பாட்டும் ஒன்றாக வந்து மோதின. நடுக்கம் இல்லாத என் கைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

கரையில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மாமா நின்றார்.

"உங்கக்கா வரலடா. அவளுக்கு இன்னும் நாளாகும். நான் மன்னிச்சிட்டேன். போன்ல சொல்ற விஷயமா இது? அதான் வந்தேன்."

ஈரத்தோடு கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் சட்டையும் நனைந்தது. என் நம்பரை வாங்கிக்கொண்டு, ரயில் நிலையம் வரை மோட்டாரில் ஏற்றிவந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்துக்குப் பேருந்து கிடையாது, திரும்பும் காருக்கு முன்பே சொல்லிவையுங்கள். மாற்றுத்துணி எடுத்துப்போங்கள், ஓடையில் பாசி வழுக்கும். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் அந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பதில் உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அக்காவுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். என்னிடம் பேசவேண்டும் என்றல்ல, நான் கொடுத்த காயம் ஆறவேண்டும் என்று.

ஆறு மணி ரயில் கம்பாரைத் தாண்டியபோது கைப்பேசியில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"சாப்டியா?"

"இன்னும் இல்லக்கா" என்று எழுதினேன்.

பிறகு வந்தது: "அடுத்த தடவ வீட்ல சாப்ட்டுட்டுப் போ."