மீன் பாட்டிலில் கிடந்த சீட்டுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். உத்திரமேரூர் ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த நேரம். நான் அப்போது அங்கே ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேன். வெளியூர் மியூசியம் ஒன்றிலிருந்து ஒரு மேடம் வந்து, மில்லுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். எங்கள் பக்கத்து ஏரியிலும் ஆறுகளிலும் என்னென்ன மீன் இருக்கிறது என்று பார்த்து, வகைக்குக் கொஞ்சம் பிடித்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு வைப்பது அவர் வேலை.

பகலில் எனக்கு வேலை இல்லாததால் அவருக்கு வழி காட்டப் போவேன். வலையில் விழுந்த மீனைக் காட்டி என்ன பேர் என்று கேட்பார். குறவை, ஆரால், உளுவை என்று சொல்வேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அவ்வளவு கூச்சம். பாட்டிலில் போடும் வேலையை மட்டும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். அந்த மருந்து நெடி கண்ணைக் கரிக்கும்.

ஒரு சமயம் இரண்டு நாள் லீவில் ஊருக்குக் கிளம்பினார். "அண்ணா, ரூம் கொஞ்சம் சுத்தமா இருக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்தார்.

கூட்டித் துடைத்தேன். பாட்டில்களைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் மீனோடு ஒரு காகிதத் துண்டு மிதந்தது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியில் ஒரு துரும்பு விழுந்தால்கூட உடனே எடுத்துவிடுவோம். நாலு பேர் பார்க்கப்போகிற பொருளில் குப்பை கிடக்கலாமா? இடுக்கியால் பதினெட்டு பாட்டிலிலும் இருந்த காகிதத்தை எடுத்து ஒரு தகர மூடியில் போட்டேன்.

வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் திக்கென்றது. இத்தனை நாள் ஊறியும் பென்சில் எழுத்து அழியவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நம்பர் தெரியும். ஒவ்வொரு சீட்டிலும் வேறு வேறு நம்பர் இருந்தது. எது எந்தப் பாட்டிலில் கிடந்தது என்று எனக்கு நினைவில்லை.

அவசர அவசரமாக நாலு சீட்டைக் கைக்கு வந்த பாட்டில்களில் திரும்பப் போட்டேன். அப்போது சோறு கொண்டுவந்தாள் என் மனைவி.

"இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?"

சொன்னேன்.

"இதுக்கா? மீதியயும் போட்டு மூடிட்டு கம்முனு இரு. மீனு வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

அவள் சொன்னதில் தப்பில்லைதான். யாருக்கும் தெரியாது. ஆனால் ஐந்தாவது சீட்டைக் கையில் எடுத்தவனுக்கு அதைப் போட மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் மேடம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் தகர மூடியை நீட்டினேன். எடுத்ததையும், நாலை மாற்றிப் போட்டதையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"ஐயோ, அண்ணா!" என்று நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "எந்த இடத்துல புடிச்சதுன்னு தெரியலன்னா இது வெறும் செத்த மீன்தான். இவ்ளோ நாள் உழைச்சதெல்லாம் போச்சு."

பிறகு நினைவு வந்ததுபோல எழுந்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு நம்பருக்கும் எந்த இடம், என்ன மீன், எத்தனை என்று எழுதி வைத்திருந்தார். நான் சொன்ன பேர்களும் அதில் தமிழிலேயே இருந்தன.

"வாங்க, எண்ணிப் பாக்கலாம்."

ஒவ்வொரு பாட்டிலையும் தட்டில் கவிழ்த்தோம். "ஆரால் ரெண்டு, குறவை ஒண்ணு" என்பேன். அவர் நோட்டில் தேடி நம்பர் சொல்வார். அந்தச் சீட்டை எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலத்துக்குள் பதினாறு சேர்ந்துவிட்டது. மீதி இரண்டிலும் உளுவை மும்மூன்று. நோட்டின்படி ஒன்று ஏரியில் பிடித்தது, இன்னொன்று மாகறல் ஊர் ஆற்றில் பிடித்தது; எது எந்தப் பாட்டில் என்றுதான் தெரியவில்லை.

"இது ஆத்து மீனுன்னு தோணுதும்மா" என்றேன்.

"தோணினா போதாது அண்ணா." இரண்டு பாட்டிலுக்கும் புதுச் சீட்டு எழுதினார். பிடித்த இடம் நிச்சயமில்லை என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு, "நாளைக்கு மாகறல்ல மறுபடி வலை போடலாம். காலைல சீக்கிரம் வந்துருங்க" என்றார்.

இனி அறைப்பக்கமே சேர்க்கமாட்டார் என்று பயந்துகொண்டிருந்தவன் நான். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரவழைத்துப் பாட்டில்களைக் காட்டினார் மேடம். "இது எங்க புடிச்சது மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். மேடம் சீட்டைப் பார்த்து, "உங்க ஏரியிலதான், மதகுகிட்ட" என்றார். அந்தப் பெண் அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். கதவோரம் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி சொன்னபடி செய்திருந்தால், அந்தப் பிள்ளை என் பொய்யைப் பாடமாக எழுதிக்கொண்டு போயிருக்கும்.

இப்போதும் நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம்தான். ஆனால் "எனக்குத் தெரியாது", "நான்தான் தப்பு பண்ணேன்" என்ற இரண்டை மட்டும் அன்றிலிருந்து கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.