கெலமங்கலத்துக்கு அனுப்பிய படம்

பிறந்த குழந்தையைப் படம் எடுப்பது கஷ்டமில்லை. அதைச் சுற்றி நிற்கிற பெரியவர்களை நகர்த்துவதுதான் கஷ்டம். பிள்ளைகள் காலேஜுக்குப் போனபிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஓசூரில் வீடு வீடாகப் போய் நான் செய்கிற வேலை இது. தையல், கேக், டியூஷன் என்று எதையாவது ஆரம்பித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிற என் இனத்தாருக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

நிறம்

ஜூஜுவாடியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிற வீடு. குழந்தை நல்ல மாநிறம், பார்க்க அவ்வளவு லட்சணம். படங்களை அனுப்பிய அன்றே அத்தைக்காரி ஃபோன் செய்தாள். கொஞ்சம் வெள்ளையாக்கித் தர வேண்டுமாம். குழந்தை அப்பா நிறத்தில் இருக்கிறது, அப்பாவை வெளுக்க என்னால் ஆகாது என்றேன். கான்வென்ட்டில் இங்கிலீஷோடு சேர்த்து எனக்கு இந்த வாயும் வந்துவிட்டது. அவள் அசரவே இல்லை.

“உள்ள நிறத்துல எடுக்கிறதுக்கு எங்ககிட்டயே செல்ஃபோன் இருக்குதுங்க மேடம், நீங்க எதுக்கு?”

ஒரே ஒரு படம்

மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஷீலா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். கூடையில் படுக்க வைப்பது, தொப்பி, றெக்கை மாட்டுவது எதுவும் வேண்டாம், முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று போதும் என்றாள். இவ்வளவு கம்மியாகக் கேட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கிளறியதில் விஷயம் வெளியே வந்தது. அவள் கெலமங்கலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கூட வேலை பார்த்த முரளியைக் கட்டிக்கொண்டாள். அவன் தெலுங்குக்காரன், அவர்கள் வீட்டில் பெருமாள் படம். தக்காளி மண்டி வைத்திருக்கிற அவள் அப்பா, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மாவும் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியவள் மாமியார் கையால் பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேத்தியின் முகத்தைப் பார்த்தாலாவது அப்பா மனசு மாறுமா என்று பார்க்கத்தான் இந்தப் படம். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.

அதற்கு நான் எதற்கு, செல்ஃபோனிலேயே எடுத்து அனுப்பேன் என்றேன், பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு.

“செல்ஃபோன்ல எடுத்தா அழிச்சிருவாருக்கா. ஃப்ரேம் போடற மாதிரி இருந்தா அழிக்கக் கை வராது.”

தூக்கம்

குழந்தை தூங்கினால்தான் எனக்கு வேலை. ஓசூர் குளிருக்கு ஹீட்டர் போட்டு, ஜன்னலைச் சாத்தி, துணியால் இறுக்கிச் சுற்றி, தட்டிக்கொடுத்து, அரைமணி நேரம் ஊமையாக உட்கார வேண்டும். எனக்கு எது வேண்டுமானாலும் வரும், பொறுமை வராது. குழந்தையோ ஆடிட்டர் மாதிரி என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொல்லியிருந்த முரளி, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன், அந்தச் சூட்டுக்குத் துணியோடு சுவரில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். எட்டிப் பார்த்த அவன் அம்மா நிதானமாகச் சொன்னார்:

“படம்னா இவனை எடுத்துட்டுப் போங்கம்மா. இவன்தான் அசையாம இருக்கான்.”

பொட்டு

ஒருவழியாகக் குழந்தை கண்ணை மூடியது. நான் காமிராவைத் தூக்கினேன். அதற்குள் மாமியார் மையோடு வந்து, கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். ஷீலா முகம் செத்துப்போனது. அவள் அப்பா வீட்டில் மை கிடையாது, பொட்டு கிடையாது. அதைப் பார்த்தால், மகள் முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று அதோடு முடித்துவிடுவார்.

பொட்டில்லாமல் எடுக்கலாமே என்று இழுத்தேன். பொட்டில்லாமல் பச்சைக் குழந்தையை யாராவது ஊருக்குக் காட்டுவார்களா என்றார். கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்கிறேன் என்றேன். அழித்தால் மட்டும் கண் படாதா என்றார். ஷீலா தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் துணியை நீவிக்கொண்டே இருந்தாள். குழந்தை எந்த நிமிஷமும் முழித்துக்கொள்ளும். எனக்குப் பொறுமை போயிற்று. இது கெலமங்கலத்துக்குப் போகிற படம், அவள் அப்பாவுக்கு, அந்த வீட்டில் பொட்டு ஆகாது என்று போட்டு உடைத்துவிட்டேன்.

மாமியார் மருமகளைப் பார்த்தார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. முந்தானையை நனைத்துக் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தார். பிறகு துணியைக் கொஞ்சம் விலக்கி, உள்ளங்காலில் அதே அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, மறுபடி சுற்றிவிட்டார்.

“மூஞ்சிய அந்தப் பெரியவரு பாக்கட்டும். காலு எங்களுது, அதை எடுக்காதீங்க.”

பதில்

படம் போயிற்று. ஷீலாவின் அப்பா பார்த்துவிட்டதற்கான நீல டிக்கும் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ஷீலா தினமும் எனக்கு ஃபோன்: படம் சரியாகத் திறந்திருக்குமா, ஒருவேளை பெரிய ஃபைலாகப் போய்விட்டதா? படத்தில் ஒரு கோளாறும் இல்லை, உன் அப்பாவிடம்தான் கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மாமியார்கூட அதன்பிறகு கெலமங்கலம் பற்றி வாயைத் திறக்கவில்லையாம். ஃபோன் அடித்தால் மட்டும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாராம்.

ஒருநாள் காலை அப்பா அனுப்பிய குரல் பதிவை ஷீலா அப்படியே எனக்கும் அனுப்பியிருந்தாள். நலம் விசாரிப்பு இல்லை, மகளே என்ற வார்த்தையும் இல்லை. பின்னால் மண்டிச் சத்தம், தக்காளிக் கிரேட்டுகளை இறக்கிப் போடுகிற சத்தம். நடுவில் அவர்:

“ஃபோட்டோவுல எடை தெரியல. தூக்கிப் பாத்தாத்தான் தெரியும். ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் வீட்லதான் இருப்பேன், புள்ளயக் கூட்டிட்டு வா. பஸ்ல கூட்டமா இருக்கும், பையத் தூக்கிட்டு அந்தப் பையனையும் வரச் சொல்லு.”

என் படம் இன்னும் கொஞ்சம் நன்றாக வந்திருந்தால், மனுஷன் அதையே பார்த்துக்கொண்டு மண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.