மணல்மேட்டுக்குப் போன தூக்குவாளி

நன்னிலத்தில் பிறந்தவளுக்கு மேடு என்றால் வரப்புதான். ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் வானதி அதைவிட உயரமான எதிலும் ஏறியதில்லை. நாகப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகளைத் தோஹாவுக்குக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் டிவியைத் தவிர யாரும் பேசுவதில்லை.

அதனால்தான் நடைக்குழு ஒன்றின் வாட்ஸ்அப்பில் சேர்ந்தாள். ஊருக்குத் தெற்கே கடலோர மணல்மேட்டில் ஏறி அஸ்தமனம் பார்க்கிறார்களாம். வேனில் பதினாலு பேராம். அந்தப் பதினாலுதான் அவளை இழுத்தது. நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆற்றங்கரைக்குப் போனாலும் சரி, அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் சரி, கட்டுச்சோறு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்கள். முக்கால் மணி நேர நடைக்கு வானதி ஒரு படி அரிசி வடித்து, நல்லெண்ணெய் மிதக்கப் புளிச்சோறு கிளறினாள். பதினாலு இலைத்துண்டு நறுக்கிக்கொண்டாள். கல்யாணச் சீராக வந்த பெரிய தூக்குவாளியில் சோற்றை அடைத்தாள். அதன் மூடியில் 'தி. வானதி' என்று பெயர் வெட்டியிருந்தது.

மணலில் ஓரடி ஏறினால் அரையடி சறுக்கியது. கையில் தூக்கு வேறு. குழுவை நடத்துகிற ஃபாஜில் திரும்பிப் பார்த்தான்.

"குடுங்க ஆன்ட்டி, நான் தூக்கிட்டு வரேன்."

"பரவால்ல தம்பி."

முதல் தரம் மறுப்பதும் இரண்டாம் தரம் கொடுப்பதும்தானே முறை? அவன் இன்னொரு தரம் கேட்பான் என்று நாலு எட்டு மெதுவாக நடந்தாள். அவனோ முன்னால் போய்விட்டான்.

உச்சியில் நல்ல காற்று. முதுகுக்குப் பின்னால் கடல். எதிரே அறுப்புக்கு நின்ற சம்பா வயல்கள். எங்கள் கரையில் சூரியன் கடலில் உதித்து வயலில்தான் விழும். "ஆன்ட்டி, ஒரு போட்டோ எடுங்களேன்" என்று போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தாள். படத்தில் பதிமூன்று பேர் சிரித்தார்கள்.

பிறகு மூடியைத் திறந்தாள். "புளிச்சோறு கொண்டாந்திருக்கேன். ஆளுக்கு ஒரு வாய் சாப்பிடுங்க."

"ஐயோ ஆன்ட்டி, ராத்திரில நான் சோறே தொடுறதில்ல" என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் மாதங்கி. ஒருவருக்குச் சர்க்கரை. மற்றவர்கள் பரோட்டாவுக்குக் கடை பார்த்து வைத்திருந்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லாமல் போனதுதான் அவளுக்கு வலித்தது. மூடியை அழுத்தி மூடினாள்.

திரும்பும்போது வேன் அவள் தெருமுனையில் நின்றது. இறங்கினாள், தூக்கு சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. மறதியெல்லாம் இல்லை, வேண்டுமென்றே விட்டாள். வாங்காத சோற்றுக்கு வீடு தேடி வர ஆளில்லை; பாத்திரத்தைக் கொடுக்க யாராவது வந்துதானே ஆகவேண்டும்? மூடியில்தான் பெயர் இருக்கிறதே.

திங்கட்கிழமை அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கினாள். செவ்வாயும் வாங்கினாள். அன்று சாயங்காலம் குழுவில் தூக்கின் படம் வந்தது.

'வேன்ல இருந்துச்சு. சோறு டிரைவர் வீட்டுல காலி, சூப்பராம்! மூடில வானதின்னு போட்டிருக்கு. யாரு அது?' என்று ஃபாஜில் கேட்டிருந்தான்.

'நம்ம குரூப்ல அப்படி யாரும் இல்லையே' என்று மாதங்கி எழுதியிருந்தாள்.

வானதி அதை இரண்டு தரம் படித்தாள். மணல்மேடு ஏறினதைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. 'நான்தான்' என்று அனுப்பினாள்.

'ஓ, நீங்களா ஆன்ட்டி! வீட்டுக்குக் கொண்டாந்து தரட்டுமா?'

வாங்க தம்பி, வாங்க என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. விரலோ ஐம்பது வருஷப் பழக்கத்தில் 'பரவால்ல தம்பி' என்று தட்டி அனுப்பியும்விட்டது.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அவன் இன்னொரு தரம் கேட்பான் என்று போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.