ஆயத்தமாய் வைக்கப்பட்டவள்

அக்காவைப் பெண் பார்க்க வருவதாக ஆத்தூரிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக லாரிப் பட்டறை. போட்டோ போனில் வந்திருந்தது. அக்கா பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய் அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். நான் சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். விசேஷத்துக்கென்று ஊருக்கு வந்திருந்தேன்.

விடிந்ததும் அம்மா சொன்னாள்: "வர வேண்டாம்னு சொல்லிட்டேன் கண்ணு. கர்த்தர் வர்ற காலம் நெருங்கிருச்சு. அதுக்குள்ள எதுக்குக் கல்யாணம், புள்ளகுட்டியெல்லாம்?"

அக்கா முந்தின நாள் துவைத்து மடித்து வைத்திருந்த ஜன்னல் திரையை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

அப்போது நாங்கள் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா அங்கே கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்து, மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவும் அக்காவும் காப்பிப்பழம் பறிக்கப் போனார்கள். அப்பா போன துக்கத்தில் அம்மா சாப்பிடாமல் கிடந்த நாட்களில், எங்கள் கோயில் குருவானவர் ஒருமுறை வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அடிவாரத்திலிருந்து வந்திருந்த ஒரு பாஸ்டர் தினமும் வந்தார். கஞ்சி குடிக்க வைத்தார். 'சீக்கிரமே உங்க வீட்டுக்காரரைப் பார்ப்பீங்கம்மா' என்றார். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதை நான் இன்றுவரை குறை சொல்வதில்லை.

கரடியூர் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு ஹாலில் அவருடைய சபை நடந்தது. அங்கே பேச்செல்லாம் கர்த்தருடைய வருகையைப் பற்றித்தான். எக்காளம் எப்போது வேண்டுமானாலும் தொனிக்கலாம். ஆயத்தமாக இல்லாதவர்கள் கைவிடப்படுவார்கள். பூ கூடாது, நகை கூடாது, டிவி கூடாது. அம்மா தோட்டைக் கழற்றினாள். அக்காவுடையதையும் கழற்றச் சொன்னாள். பிறகு பாஸ்டர் சில பெண்களைப் பிரித்தெடுத்தார். அவர்கள் வெள்ளைச் சேலை கட்டி, உபவாசமிருந்து, மணவாளனாகிய ஆண்டவருக்கென்றே காத்திருக்க வேண்டும். அக்காவுக்கு நல்ல குரல். முதலில் அவளைத்தான் பிரித்தார்.

"உனக்கு இது பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அம்மா இப்பத்தான் நல்லாத் தூங்குது," என்றாள். அதுதான் அவள் சொன்ன பதில்.

ஆத்தூர்க்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். மலையில் மண் சரிந்தால் அது வருகைக்கு அடையாளம் என்றார்கள். எங்கேயோ சண்டை என்றால் அடையாளம். கொரோனா வந்தபோது, கர்த்தர் வாசலுக்கே வந்துவிட்டார் என்றார் பாஸ்டர். பிரித்தெடுத்த பெண்களில் ஒருத்தி ஜீப் ஓட்டுகிறவனோடு போய்விட்டாள். செத்தவளுக்கு அழுவதுபோல் சபையே அழுதது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அக்கா மட்டும் இருந்தாள். காதோரம் நரைத்தது. வரன் கேட்டு வருவதும் நின்றுபோனது.

அதற்கப்புறம்தான் பாஸ்டர் பத்திரிகையோடு வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம், சேலத்தில் பெரிய மண்டபத்தில். நான் லீவில் வந்திருந்தேன். அம்மா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கய்யா, வருகை நெருங்கிருச்சுன்னுதான எங்கக்காவுக்குக் கல்யாணமே வேண்டாம்னீங்க? உங்க ஊட்டுல மட்டும் கல்யாணம் பண்ணலாமுங்களா?"

"கண்ணு, வாய மூடு!" என்றாள் அம்மா.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அழைப்பும்மா. உங்கக்காவோடது நொம்ப உயர்ந்த அழைப்பு." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீதாம்மா வந்து பாடணும். அந்த வெள்ளைச் சேலையிலயே வா. பார்க்க நல்லா இருக்கும்," என்றார்.

"சரிங்கய்யா," என்றாள் அக்கா.

நாங்கள் மூவரும் முதல் பஸ்ஸில் மலையிறங்கினோம். மண்டபத்தில் மணப்பெண் கழுத்து தெரியாமல் நகை போட்டிருந்தாள். தலை நிறைய மல்லிகை. அக்கா மேடையோரம் நின்று பாடினாள். அன்றைக்குப்போல் அவள் என்றுமே பாடியதில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான், பேச்சுத் துணைக்காகத்தான் கேட்டார்.

"நீங்க கன்னியாஸ்திரீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ஊட்டுக்காரரு தவறிட்டாருங்களா?"

அக்கா பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்க. இன்னும் வரலீங்க," என்றாள்.

"வந்துருவாருங்க. முகூர்த்த நாளு, பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்கும்," என்றார் அந்த அம்மாள்.

அக்கா இலையில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த உபவாசக் கூட்டத்துக்கு அவள் போகவில்லை. அம்மா வாசலில் நின்று அழுதாள். "இத்தன வருஷம் ஆயத்தமா இருந்துட்டு, கடசி நேரத்துல கைவிடப்பட்டுருவியே சாமி!"

"நீங்க போய்ட்டு வாங்கம்மா. நான் இங்கயே இருக்கறேன்," என்றாள் அக்கா. பாஸ்டர் வந்து வெளியே நின்று பிசாசை அதட்டினார். அவள் கதவைத் திறக்கவில்லை. அடுப்பில் எதையோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

கொஞ்ச காலத்தில் அவர் சேலத்துக்கே போய்விட்டார். சம்பந்தி வீட்டார் அங்கே சபை கட்டிக் கொடுத்தார்களாம். தகர ஹாலில் இப்போது மிளகு காய வைக்கிறார்கள். அம்மா அவருடைய பிரசங்கத்தைப் போனில் கேட்கிறாள். இன்னும் அடையாளம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அக்கா ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் சமையலறையில் வேலை செய்கிறாள். இனியாவது ஒரு வரன் பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "ஆருக்கு, அம்மாவுக்கா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நான் ஊருக்குப் போகிற ஞாயிறுகளில் இருவரும் அப்பா இருந்தபோது போய்வந்த பழைய கோயிலுக்குப் போகிறோம். எல்லோரும் சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் கர்த்தர் மறுபடியும் வருவார் என்ற இடம் வரும்போது என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. பக்கத்தில் அக்கா அதைச் சத்தமாகவே சொல்கிறாள். அதற்கு அர்த்தம் என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.