ஓரத்தில் எழுதியதற்குக் கட்டம் இல்லை

உளவியல் துறையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். மாணவர்கள் நிரப்பித் தரும் கேள்வித்தாள்களைப் பதினோரு வருஷமாகக் கணினியில் ஏற்றுகிறாள். அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் பக்கத்து மேசைக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். வீட்டில் மட்டும் அந்தப் பெயர் செல்லாது. "காபி கேட்டு அரை மணி ஆச்சு, இதுதான் மின்னலா?" என்பார் கணவர்.

அந்த வருஷம் வந்தது, மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகிவிடும் சுபாவம் யாருக்கு என்று அளக்கிற தாள். 'சின்னத் தவறுக்கும் என்னையே திட்டிக்கொள்வேன்', 'மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கிறேன்' என்று அறுபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் துறையிலிருந்து கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது.

நானூறு தாள். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். ஒரு தாளில் கடைசி எட்டு வாக்கியங்களுக்கு வட்டமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஒரு வரி: "இதெல்லாம் எண்ணில் வராது. கேட்டால் சொல்கிறேன்."

படித்தாள். நன்றாகவே படித்தாள். ஆனால் ஓரத்துக்கென்று கணினியில் கட்டம் கிடையாது. காலியாக விட்டால் தாள் திரும்பி வரும், ஆய்வை நடத்தும் மேடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எட்டுக்கும் நடுவாந்தரமாக மூன்று போட்டாள். மூன்று யார் கண்ணையும் உறுத்தாது. வழக்கமாகச் செய்கிற காரியம்தான்.

இரண்டு மாதத்தில், மாணவி ஒருத்தி சாப்பிடாமல் விடுதிக் கட்டிலிலேயே கிடந்தாள், அம்மா வந்து கூட்டிப் போய்விட்டார் என்று பேச்சு அடிபட்டது. துறைக்கு வந்த விடுப்புக் கடிதத்தில் பதிவு எண்ணைப் பார்த்ததும் மின்னலுக்கு அந்தப் பென்சில் வரி ஞாபகம் வந்தது. பழைய கட்டைப் பிரித்தாள். அதே தாள். எட்டுக்கும் நான்கு போட்டிருந்தாலே அளவைத் தாண்டியிருக்கும்.

மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டாள்.

"நானூறுல ஒண்ணு. முடிவு ஒண்ணும் மாறாதும்மா, விடுங்க," என்றார் மேடம்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கணவர் வேடிக்கையாக மின்னல் என்றாலும் எரிந்து விழுந்தாள்.

அடுத்த வருஷம் அந்தப் பெண் திரும்பி வந்தாள். இளைத்திருந்தாள். இரண்டாம் சுற்றுத் தாளை வாங்கிக்கொண்டவள், போகாமல் மின்னலின் மேசைமுன் தயங்கினாள்.

"அக்கா, போன தடவை ஓரத்துல ஒண்ணு எழுதியிருந்தேன். கூப்பிடுவீங்கன்னு தினமும் போனையே பார்த்துட்டிருந்தேன். யாரும் படிக்கலையா?"

இல்லை என்று சொன்னால் இரண்டு பேருக்குமே நிம்மதி. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"படிச்சேன்மா," என்றாள். "நான்தான் படிச்சேன்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. நம்ப முடியாமல் அவளையே பார்த்தாள்.

"படிச்சுமா கூப்பிடல?"